டிவி வாரண்டி கார்டின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருநெல்வேலியில் இருக்கும் அப்பாவுக்கு 43 இன்ச் 4கே டிவி வாங்கிக் கொடுத்துப் பத்து மாதம் ஆகிறது. போன வாரம் திரையின் வலது பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு விழுந்துவிட்டது. சர்வீஸுக்கு வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது, பேனலுக்குப் (படம் தெரியும் திரைப் பகுதிக்கு) பணம் கட்ட வேண்டும்” என்று சொல்லி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கார்டில் ‘லிமிடெட் வாரண்டி’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன, இப்போது என்ன செய்வது, டிவி வாங்கியவர்கள் ஆரம்பத்திலேயே எதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கோடு ஒன்றே ஒன்று, நேர்கோடு, கண்ணாடியில் விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ‘பிசிக்கல் டேமேஜ்’ என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பணம் கட்டாதீர்கள். தெரிந்த மெக்கானிக் யாரையும் கூப்பிட்டு டிவியைப் பிரிக்கவும் விடாதீர்கள். பின்மூடியில் திருகாணி மேல் ஒட்டிய சீல் கிழிந்துவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேச முடியாமல் போய்விடும். நான் டிவி சர்வீஸில் பதினாறு வருடம் இருந்தவன். இந்த ஒரு கோட்டுக்காக எத்தனையோ வீடுகளில் வாக்குவாதம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வாங்கியவர்தான் பின்வாங்குவார். அவர் பக்கம் தவறு இருந்ததால் அல்ல, எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாததால்.

‘லிமிடெட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1975-இல் மேக்னுசன்-மாஸ் என்ற வாரண்டிச் சட்டம் வந்தது. எழுத்தில் வாரண்டி தரும் கம்பெனி அது ‘முழு’ வாரண்டியா, ‘லிமிடெட்’ வாரண்டியா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் வைத்தது. முழு வாரண்டி என்று போட்டால் இலவசப் பழுதுபார்ப்பு, பலமுறை முயன்றும் சரியாகவில்லையென்றால் புதுப் பொருளோ பணமோ என்று பல கடமைகள் வந்து சேரும். அதில் ஒன்று குறைந்தாலும் ‘லிமிடெட்’ என்றுதான் போட வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் இப்படி இரண்டு வகை கிடையாது. ஆகவே நம் ஊர் கார்டில் அந்தச் சொல் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு சட்டப் பொருள் தேட வேண்டாம். “நாங்கள் பொறுப்பேற்பது இவ்வளவுக்குத்தான்” என்று கம்பெனி தன் பக்கம் போட்டுக்கொள்ளும் வேலி அது. எது வரை என்பது கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

அந்தப் பொடி எழுத்தில் எல்லாக் கம்பெனிகளும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் சொல்கின்றன. தயாரிப்பிலோ பொருளிலோ உள்ள குறையால் வந்த பழுதுக்கு மட்டும் பொறுப்பு. விழுந்தது, அடிபட்டது, தண்ணீர் போனது, இடி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், பல்லி, கரப்பான், எறும்பு, வெளியாள் பிரித்துப் பார்த்தது, சீரியல் எண் அழிந்தது ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்ற டிவியை டீக்கடையிலோ சலூனிலோ மாட்டினால் பொறுப்பு இல்லை, அல்லது காலம் குறையும். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். மாற்றிய பாகத்துக்குப் புதிதாக ஒரு வருடம் கிடையாது, பழைய வாரண்டியில் மிச்சம் உள்ள நாட்கள்தான்.

நாம் எல்லோரும் வாரண்டி என்றால் தேதியைத்தான் பார்க்கிறோம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, கவலையில்லை என்று நினைக்கிறோம். ஆனால் சண்டை வருவது தேதியில் இல்லை, காரணத்தில். வந்த டெக்னீஷியன் ஜாப் ஷீட் என்கிற வேலைத் தாளில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதும் இரண்டு சொற்கள்தான் பில் யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு நாளைக்கு எட்டு, பத்து வீடு பார்க்க வேண்டியவர் அந்தக் கட்டத்துக்கு நிறைய நேரம் ஒதுக்க மாட்டார். அதனால் அந்தக் கட்டத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அப்பா போட்டுவிட்டாரே என்று வருந்த வேண்டாம். அது ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதற்கான கையெழுத்து. அதனால் புகார் செய்யும் உரிமை போய்விடாது.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம். முதலில் ஒரு சின்னச் சோதனை. ரிமோட்டில் செட்டிங்ஸ் மெனுவைத் திறந்து, கோடு இருக்கும் இடத்துக்கு மேல் மெனு வரும்படி வையுங்கள். மெனுவின் மேலேயும் கோடு ஓடினால் பழுது டிவியில். மெனு சுத்தமாகத் தெரிந்து, பின்னால் உள்ள படத்தில் மட்டும் கோடு இருந்தால் பழுது செட்டாப் பாக்ஸிலோ கேபிளிலோ. பல கம்பெனிகளின் டிவியில் ‘சப்போர்ட்’ அல்லது ‘உதவி’ பகுதிக்குள் ‘பிக்சர் டெஸ்ட்’ என்று ஒன்று உண்டு. டிவிக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு படத்தை அது காட்டும். அதிலும் கோடு வந்தால் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடு ஏன் வருகிறது என்று தெரிந்தால் பேசுவது எளிது. 4கே திரையில் குறுக்கே 3,840 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்கு. ஆக 11,520 செங்குத்து வரிசைகளுக்கு சிக்னல் போக வேண்டும். டிகான் என்கிற போர்டிலிருந்து வரும் சிக்னல், படச்சுருள் போல மெல்லிய பிலிம் பட்டைகள் வழியாகக் கண்ணாடியின் விளிம்புக்குப் போகிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சிப் இருக்கும். பட்டையைக் கண்ணாடியோடு ஒரு பசைப் பிலிம் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய தொடர்புகள். அதில் ஒன்று விட்டுப்போனால் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு. ஒரு பட்டை முழுவதும் விட்டுப்போனால் அகலமாக ஒரு துண்டு கறுப்பாகவோ வெள்ளையாகவோ போகும். யாரும் தொடாத டிவியிலும் இது வரும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஒட்டு தளர்வதுதான் வழக்கமான காரணம். இதைத் தயாரிப்புக் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடிபட்ட திரை அப்படி இருக்காது. அடிபட்ட இடத்திலிருந்து சிலந்தி வலை போல விரிசல் பிரியும். அந்த இடத்தில் மை சிந்தியது போலக் கறுப்புத் திட்டு இருக்கும். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வரும். ஒன்று சொல்ல வேண்டும்: மேலே தடவிப் பார்த்தால் விரிசல் கையில் தட்டாமலும் போகலாம். மேலே இருப்பது பிலிம், உடைவது உள்ளே இருக்கும் கண்ணாடி. அதனால் டிவியை அணைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து விளிம்பு விளிம்பாகப் பாருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளி முடி போல ஒரு கீற்று மின்னும். குறிப்பாகக் கோடு தொடங்கும் மேல் விளிம்பையும் முடியும் கீழ் விளிம்பையும் பாருங்கள். அங்கே ஒரு கீற்று தெரிந்தால் கம்பெனிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். இல்லையென்றால் அவர் எதைப் பார்த்து ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று எழுதினார் என்று காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

விளிம்பு என்றதும் ஒரு வீடு ஞாபகம் வருகிறது. மதுரையில், வயதான அம்மா ஒருவர். வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்தார். டிவியின் கீழ்ப் பகுதியில் ஏழெட்டுக் கோடுகள். “நான் தினமும் துடைப்பேன் தம்பி, யாரையும் தொடவே விடமாட்டேன்” என்றார். எதில் துடைப்பீர்கள் என்று கேட்டேன். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயை எடுத்து வந்து காட்டினார். கீழ்ச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது பிலிம் பட்டையின் செம்புப் பகுதியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. திரையில் அடித்த ஸ்பிரே வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது. தினம் நாலு சொட்டு. ‘திரவம் புகுந்தது’ என்று எழுதுவதைத் தவிர எனக்கு வழியில்லை. அந்த அம்மா முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. டிவி வாங்கும் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன்: திரையில் எதையும் தெளிக்காதீர்கள். காய்ந்த, மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணி போதும். கறை இருந்தால் துணியின் ஒரு மூலையை லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, அழுத்தாமல் துடையுங்கள். அப்பாவிடமும் எப்படித் துடைக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி மறுபடியும் வந்து பார்த்தால் இதைத்தான் முதலில் தேடும்.

இனி செய்ய வேண்டியது. ஜாப் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பில், சீரியல் எண் ஸ்டிக்கர், திரையின் நான்கு மூலைகள், கோடு ஓடும் படம், அணைத்த திரையின் படம் எல்லாவற்றையும் இணைத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள். மின்னஞ்சலில் இரண்டே விஷயம் போதும்: டேமேஜ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் படத்தோடு எழுத்தில் தர வேண்டும், மூத்த டெக்னீஷியன் ஒருவரை அனுப்பி இரண்டாவது முறை சோதிக்க வேண்டும். இந்தக் கட்டத்திலேயே பல புகார்கள் தீர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். காட்ட முடியாத டேமேஜை எழுத்தில் கொடுக்கக் கம்பெனிக்காரர்கள் தயங்குவார்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிந்து அவர்களே கம்பெனிக்கு அனுப்புவார்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். கார்டில் ‘இந்த ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது’ என்று எழுதியிருந்தாலும் அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு முக்கியமான ஒன்று: குறை எதனால் வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே டெக்னீஷியன் எழுதிய இரண்டு சொல்லே இறுதி வார்த்தை ஆகிவிடாது. அதே சட்டம் ‘குறை’ என்பதையும் விரிவாகவே சொல்கிறது. ஒப்பந்தத்தில் வெளிப்படையாகவோ உள்ளடக்கமாகவோ எதிர்பார்க்கும் தரத்தில் எந்தக் குறைவு இருந்தாலும் அது குறைதான். கார்டின் பொடி எழுத்தோடு உங்கள் உரிமை முடிந்துவிடவில்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

பேனல் வாரண்டி பற்றிக் கொஞ்சம். ‘இரண்டு வருட வாரண்டி’ என்று கடையில் சொல்வார்கள். கார்டைப் பார்த்தால் முழு டிவிக்கு ஒரு வருடம், பேனலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வருடம் என்று இருக்கும். இரண்டாம் வருடத்தில் மெயின்போர்டோ பவர் சப்ளையோ திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட்டோ போனால் செலவு உங்களுடையது. பேக்லைட் பேனலில் சேருமா என்பதைக் கார்டில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். கடைக்காரர் விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு விஷயம். பல இடங்களில் அது டிவி கம்பெனியுடையதாகவே இருக்காது, வேறொரு நிறுவனத்தின் திட்டமாக இருக்கும். பழுது வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், சான்றிதழில் உங்கள் டிவியின் சீரியல் எண் இருக்கிறதா என்ற இரண்டையும் பணம் கட்டும் முன் பாருங்கள். பேனலின் விலை டிவி விலையில் பெரும்பகுதி என்பதால், பேனலை உள்ளடக்காத எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் போடுவது வீண் என்பது என் கருத்து.

இடி, மின்னல். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சர்வீஸ் சென்டரில் போன் ஓயாது. இதில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு: டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மொட்டைமாடியிலிருந்து வரும் டிஷ் கேபிளை அப்படியே விட்டுவிடுவார்கள். மின்னல் பக்கத்தில் விழுந்தால் அந்தக் கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக டிவியின் மெயின்போர்டைச் சுட்டுவிடும். லேன் கேபிளும் அப்படித்தான். இடி தொடங்கும் முன்பே மூன்றையும் கழற்ற வேண்டும். ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் குறைந்த வோல்டேஜை டிவியே சமாளித்துக்கொள்ளும். அந்த டிவிக்கு ஸ்டெபிலைசரைவிட திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டரும், வீட்டில் ஒழுங்கான எர்த்தும்தான் முக்கியம். எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டரும் பாதி வேலைதான் செய்யும்.

அடுத்த டிவி வாங்கும்போது, சுவரில் மாட்டும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மாட்டிய பிறகு பின்பக்க ஸ்டிக்கரை யாராலும் படிக்க முடியாது. மாடல் எண், சீரியல் எண், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் மூன்றும் அதில் இருக்கும். படம் எடுத்துவிடுங்கள். பதிவு எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் உண்மையானதா என்று தெரியும். சீரியல் எண் பில்லிலும் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பில் மழமழப்பான வெப்பத்தாளில் இருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், அதையும் படம் எடுங்கள். வாரண்டி பெரும்பாலும் பில் தேதியிலிருந்து ஓடுகிறது. பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு மாதம் வைத்திருந்தால் அந்த இரண்டு மாதமும் போயிற்று. பெட்டியையும் தெர்மோகோலையும் எறியாதீர்கள். வீடு மாறும்போது டிவியைப் படுக்க வைத்துக் கொண்டுபோய் உடைந்தவை கணக்கில்லை. எப்போதும் நிமிர்த்தியே எடுத்துப் போக வேண்டும்.

முதல் நாளிலேயே வெள்ளை, கறுப்பு என்று ஒரே நிறப் படத்தை யூ.எஸ்.பி. வழியாகப் போட்டுத் திரையைப் பாருங்கள். செத்த புள்ளி ஒன்றிரண்டு இருந்தால் கம்பெனி மாற்றித் தராமல் போகலாம். 4கே திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். இத்தனை வரை குறை இல்லை என்று கம்பெனிகள் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கின்றன. ஆனால் கடையோ ஆன்லைன் தளமோ தரும் முதல் சில நாள் மாற்றும் சலுகைக்குள் சொன்னால் பேச்சு சுலபமாக முடியும்.

பழுதே இல்லாமல் சர்வீஸ் கூப்பிடும் விஷயங்களும் உண்டு. திரை தானாக மங்கிப் பிரகாசமாகிறது என்பார்கள். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மாற்றும் சென்சார் அது, ‘ஈகோ’ அல்லது ‘பவர் சேவிங்’ பகுதியில் அணைக்கலாம். செட்டிங்ஸ் மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிறது, திரையில் விளம்பர வாசகம் வருகிறது என்றால், முதல் நாள் ‘ஹோம்’ என்று தேர்ந்தெடுப்பதற்குப் பதில் ‘ஸ்டோர்’ அல்லது ‘ரீடெய்ல்’ என்று அமுக்கியிருக்கிறார்கள். சவுண்ட் பார் வேலை செய்யவில்லை என்றால் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். டிவி ரிமோட்டிலேயே சவுண்ட் பாரையும் இயக்கும் வசதிக்கு சாம்சங் ‘எனிநெட் பிளஸ்’ என்றும் எல்ஜி ‘சிம்ப்ளிங்க்’ என்றும் சோனி ‘பிராவியா சிங்க்’ என்றும் பெயர் வைத்திருக்கின்றன. மூன்றும் ஒன்றுதான். டிவி ஆன் ஆகாமல் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தால் எத்தனை முறை மின்னி நிற்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். டெக்னீஷியனுக்கு அது பெரிய துப்பு. சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் இருட்டில் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் பிடியுங்கள். படம் மங்கலாக அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, போனது பேக்லைட் தரப்புதான். “பேனல் போய்விட்டது” என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

ஓஎல்இடி டிவி (பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிமோட்டில் அணைத்த பிறகு அந்தத் திரை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வேலையைச் செய்யும். சிக்கனம் என்று உடனே சுவர் சுவிட்சை அணைத்தால் அது நடக்காது. நாள் முழுக்க ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டில் கீழே ஓடும் பட்டையும் மூலையில் உள்ள லோகோவும் திரையில் பதிந்துபோகும். அதைப் பல கார்டுகள் வாரண்டியிலிருந்து வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன.

இன்னொன்று, டிவி நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று கவனித்துக் கம்பெனிக்கு அனுப்பும் வசதி. அனுமதி கேட்காமல் இப்படிச் செய்ததற்காக 2017-இல் அமெரிக்காவில் விசியோ கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தது. முதல் நாள் எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ அமுக்கிக்கொண்டே போகிறோம் இல்லையா, அதில் இதுவும் ஒன்று. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’ என்று இருக்கும். அணைத்துவிட்டாலும் டிவி வழக்கம்போல ஓடும்.

உங்கள் அப்பாவின் டிவிக்கு வருகிறேன். சகோதரி, இன்று இரவே அவரை வீடியோ காலில் கூப்பிட்டு மெனு சோதனையையும் டார்ச் சோதனையையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். விரிசல் இல்லை என்றால் நாளை காலையிலேயே மின்னஞ்சலை அனுப்புங்கள். வாரண்டி முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் புகார் எண் எழுத்தில் உங்கள் கையில் இருந்துவிட்டால், பிறகு கம்பெனி இழுத்தடித்துத் தேதி தாண்டினாலும் புகார் வாரண்டிக் காலத்தில் கொடுத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. விரிசல் தெரிந்தால் பேனலுக்குக் கேட்கும் தொகையையும் அதே அளவு புது டிவியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விரிசலே இல்லாமல், எல்லாம் செய்தும் கம்பெனி கைவிரித்தால், பட்டையை மறுபடி ஒட்டும் பாண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. ஆனால் வாரண்டிப் பேச்சு முழுவதும் முடிந்த பிறகுதான் அங்கே போக வேண்டும்.